கண்ணாடியில் இன்னொரு தோட்டம்

யாரோ கண்ணாடியில் கை வைத்திருந்தார்கள்.

காலை ஏழரை மணி. காபியும் கையுமாக ஹாலுக்கு வந்தவரின் முகம் சுருங்கிவிட்டது. மற்றவர்கள் கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். இவர் கண்ணாடியைப் பார்ப்பார். இருபத்தாறு வருஷமாகக் கடைகளுக்கும் வங்கிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் கண்ணாடி பொருத்துகிற மனிதர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. ஊருக்கே அவர் 'கண்ணாடியார்'. ஒரு விரல் ரேகை கண்ணில் பட்டால் போதும், சாப்பாட்டில் முடி கிடந்த மாதிரி துடித்துப்போவார்.

அதுவும் இது எப்பேர்ப்பட்ட கண்ணாடி! ஹாலின் பின்சுவரை மொத்தமாக இடித்துவிட்டு அந்த இடத்தில் நிறுத்தியது. பன்னிரண்டடி அகலம், எட்டடி உயரம், ஒரே துண்டு. நடுவில் இணைப்பு கிடையாது, கம்பி கிடையாது. ரப்பர் கப்புகளை ஒட்டி, எட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கி வைத்தார்கள். வைத்த மறுநாளே அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே தோட்டத்துக்குப் போகிறேன் என்று நேராக நடந்து, அதில் மோதி, மூக்கு வீங்கிப்போனான்.

"ஐயோ மாமா! இங்க கண்ணாடி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"டேய் மச்சான், பதினஞ்சு வருஷமா என்கூட கண்ணாடி தூக்குறவன் நீ. நேத்து இதைத் தூக்கினவனும் நீ. உனக்கே தெரியலன்னா அதான்டா எனக்கு சர்டிபிகேட்!"

அன்று முழுவதும் கண்ணாடியார் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் கண்ணாடியில்தான் இப்போது ஒரு வெள்ளைத் தடம். தோளில் கிடந்த துணியை எடுத்துத் தேய்த்தார். போகவில்லை. வெளிப்பக்கம் போலிருக்கிறது. பக்கவாட்டுக் கதவு வழியாகச் சுற்றிக்கொண்டு போய்த் துணியை உயர்த்தினார். உயர்த்திய கை அப்படியே நின்றுவிட்டது.

அது கை ரேகை இல்லை. ஒரு பறவை.

மாவைத் தொட்டு ஒற்றி எடுத்ததுபோல, மெல்லிய வெள்ளைத் தூளில் விரிந்த இரண்டு சிறகுகள். ஒவ்வொரு இறகும் தனித்தனியாக. ஒவ்வொரு இறகிலும் இழை இழையாக. தலை இருந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம். கண்ணாடியில் பூவும் கொடியும் வரைகிற ஆட்களை அவருக்கு நிறையத் தெரியும். வைர முனை வைத்துக் கீறுகிற கெட்டிக்காரர்கள். அவர்களில் ஒருவராலும் இப்படி ஒரு கோடு போட முடியாது.

குனிந்து பார்த்தார். படம் வரைந்தது கீழே கிடந்தது.

உள்ளங்கையில் எடுத்தார். எடுத்தோமா இல்லையா என்றே சந்தேகமாக இருந்தது. இரண்டு இரும்புத் திருகாணி இதைவிடக் கனக்கும். சாம்பல் முதுகு, வெளிர் மஞ்சள் வயிறு. இன்னும் சூடு ஆறவில்லை. கழுத்து மட்டும் ஒரு பக்கமாகத் தொங்கியது.

அவருக்கு முதலில் வந்த நினைப்பு, 'நல்லவேளை, அவ டூட்டிக்குப் போயிருக்கா.'

அந்த நல்லவேளையில்தான் வினை ஆரம்பித்தது.

மனைவி நகரப் பேருந்து ஓட்டுநர். தெருவுக்கே 'டிரைவரம்மா'. விடியற்காலை முதல் வண்டியை எடுத்தால் மதியம் இரண்டு மணிக்கு வீட்டில் இருப்பார். பத்தொன்பது வருஷமாக ஸ்டியரிங் பிடித்தும் ஒரு கோழிக்குஞ்சைக்கூடச் சக்கரத்தில் ஏற்றியதில்லை. அந்தத் தோட்டம் முழுக்க முழுக்க டிரைவரம்மாவின் கைவேலை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அது தோட்டமே இல்லை. சிமெண்ட் தரையும், வரிசை வைத்து வெட்டிவிட்ட ஷோ செடிகளும்தான். மழை தொடங்குகிற மாதத்தில் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிற பறவைகள் ஊருக்கு மேலே பறக்கின்றன என்று டிரைவரம்மாவுக்கு யாரோ சொன்னார்கள். கேட்டதும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"லாங் ரூட் வண்டிக்கு நடுவுல ஒரு டீக்கடை வேண்டாமா?"

அவ்வளவுதான். சிமெண்டைப் பெயர்த்தார். ஷோ செடிகளைப் பிடுங்கி அண்டை அயலுக்குக் கொடுத்தார். ரோட்டோர வேலியில் தானாக முளைக்கிற, குட்டிக் குட்டியாகச் சிவப்புப் பழம் பழுக்கிற புதரைக் கொண்டுவந்து வரிசையாக நட்டார். கட்டைவிரல் ஆழத்துக்கு மேல் தண்ணீர் நிற்காத அகலத் தட்டு ஒன்றை வைத்து, கால் ஊன்றக் கூழாங்கல் பரப்பினார். பூச்சி மருந்தை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. பட்டுப்போன மரத்தை வெட்டவும் விடவில்லை. உதிர்ந்த இலையைப் பெருக்குவதும் கிடையாது.

பக்கத்துத் தெருவில் இருக்கிற கண்ணாடியாரின் அக்காவுக்கு இதெல்லாம் தாங்கவில்லை.

"ஏன்டா, வீட்ல துடைப்பம் இல்லன்னா சொல்லு. நான் ஒண்ணு தரேன்."

"அண்ணி, அந்த இலைக்கு அடியிலதான் புழு இருக்கு. அது அவங்க சாப்பாடு," என்றார் டிரைவரம்மா.

"புழுவுக்குன்னு ஒரு தோட்டமா! நல்லா இருக்குடி உங்க குடித்தனம்."

அக்கா என்ன சொல்லி என்ன? வந்தன. முதல் வருஷம் ஏழு. இரண்டாம் வருஷம் பதினைந்து. போன வருஷம் நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. ஆனால் அவற்றைப் பார்ப்பதற்கு இருந்ததோ புத்தக அளவு ஜன்னல் ஒன்று. டூட்டி முடிந்து வந்த பெண், காலைத் தேய்த்துக்கொண்டே ஸ்டூலில் ஏறி நின்று எட்டிப் பார்ப்பதைக் கண்ணாடியார் போன வருஷம் முழுக்கப் பார்த்தார். அதற்காகத்தான் இந்த வருஷம் சுவரையே இடித்தார். மனைவி சோபாவில் சாய்ந்தபடி, டீ குடித்துக்கொண்டே முழுத் தோட்டத்தையும் பார்க்கட்டும் என்று.

இப்போது அந்தக் கண்ணாடிக்கு அடியில் உள்ளங்கையில் ஒரு பிணத்தோடு நிற்கிறார்.

புதருக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார். திரும்பி வந்து தடத்தைத் துடைத்தார். 

ஏதோ ஒன்று, விதி முடிந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அந்த வாரத்துக்குள் இன்னும் மூன்றைப் புதைத்தார்.

செவ்வாய்க்கிழமை டிரைவரம்மாவுக்கு வார விடுப்பு. இருவரும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்தில் இளவெயில். "எவ்ளோ அழகா இருக்குங்க," என்று டிரைவரம்மா சொல்லி வாய் மூடவில்லை.

தப்.

சின்னச் சத்தம்தான். மேஜையில் ஒரு புத்தகம் விழுந்தால் கேட்பதைவிடச் சின்னது. டிரைவரம்மா எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது இரண்டு கையும் குவிந்திருந்தன. கணவரின் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியார் டீயைப் பார்த்தார்.

"இது எத்தனாவது?"

"என்ன எத்தனாவது?"

"ஏங்க, முன்னாடி போறவன் பிரேக் போடப் போறான்னு அவன் தோளைப் பாத்தே சொல்றவ நான். இது எத்தனாவது?"

"...அஞ்சு."

"புதைச்சீங்களா?"

"ம்."

"கண்ணாடியில தடம் இருந்திருக்குமே. அதையும் துடைச்சீங்களா?"

"ம்."

"அது ஒண்ணு மட்டும் உங்களுக்கு சுத்தமா வரும்."

கத்தியிருந்தால் பரவாயில்லை. டிரைவரம்மா கத்தவில்லை. தானே குழி தோண்டினார். பிறகு தண்ணீர்த் தட்டைக் கவிழ்த்து வைத்தார். கூழாங்கற்கள் சலசலவென்று கொட்டின.

"இன்னும் பத்து நாள்ல லாங் ரூட் கூட்டம் வந்துரும். நாப்பதோ, நூறோ. நாள் கணக்கா பறந்து, பசியில கண்ணு சொருகிப்போய் வருவாங்க. இந்தச் சிவப்புப் பழம் வானத்துல இருந்தே தெரியும். இறங்கினா நேரா உங்க கண்ணாடி. கூப்பிட்டு வச்சுக் கொல்றதுக்கு எனக்கு மனசு இல்ல. ஞாயித்துக்கிழமை புதரை வெட்டிடப் போறேன்."

"நாலு வருஷ உழைப்பும்மா..."

"வேற எங்கயாவது போய் உயிரோட சாப்பிடட்டும்."

"நான் கண்ணாடியைக் கழட்டிடறேன்."

"மழை வரப்போகுது. சுவரே இல்லாத ஹால்ல குடை பிடிச்சுக்கிட்டு உக்காருவீங்களா?" டிரைவரம்மாவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "எனக்காகத்தான வச்சீங்க. அதாங்க எனக்குப் பொறுக்கல."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடு," என்றார் கண்ணாடியார். வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

முதலில் திரை போட்டுப் பார்த்தார். உள்ளே இருட்டியதும் கண்ணாடி வெளிப்பக்கம் இன்னும் பளபளத்தது. திரையை உருவிப் போட்டார்.

அவர்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புதுக் கண்ணாடி பொருத்தியதும் சோப்புக் கட்டியால் குறுக்கே பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவார்கள். கட்டட வேலை செய்கிறவர்கள் தெரியாமல் வந்து மோதிவிடக் கூடாது என்பதற்காக. வீட்டுக்காரர் கையில் சாவியைக் கொடுக்கிற அன்றுதான் துடைப்பார்கள். சொந்த வீட்டுக் கண்ணாடிக்கு மட்டும் அவர் பொருத்திய அன்றே துடைத்துவிட்டார், பார்க்கிற ஆசை. புதன்கிழமை காலை மறுபடி போட்டார். மூலைக்கு மூலை, உள்ளங்கை அகலத்தில். ஒரு யானைக்கே தெரியும்.

அரை மணி நேரத்தில் 'தப்'.

ஓடினார். இது சாகவில்லை. கண் பாதி மூடி, அலகு திறந்து, தரையில் குந்தியிருந்தது. மச்சானின் ஷூ டப்பாவைப் பிடுங்கி, துணி விரித்து, உள்ளே வைப்பதற்காகக் கையில் எடுத்தார். எடுத்தவருக்கு உடம்பு சிலிர்த்தது. விரல்களுக்கு நடுவே ஒரு துடிப்பு. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைவெளியே இல்லாமல், சின்ன மோட்டார் ஓடுகிற மாதிரி. திருகாணி எடை கூட இல்லாத இந்த உடம்புக்குள் ஒரு இஞ்சின், ஒரு திசைகாட்டி, போக வேண்டிய ஊரின் விலாசம், திரும்பி வருகிற வழி, எல்லாம் இருக்கிறது. எங்கே வைத்திருக்கிறது?

மூடியைப் போட்டு நிழலில் வைத்தார். நாற்பது நிமிஷம் கழித்து உள்ளே கறகறவென்று சுரண்டல். திறந்தார். முகத்தில் காற்று அடித்தது. அவ்வளவுதான் தெரிந்தது. டப்பா காலி.

மச்சான் கண்ணாடியைப் பார்த்தான். "மாமா, இங்க பாருங்க. குறியில படவே இல்ல. குறிக்குப் பக்கத்துல அடிச்சிருக்கு. அதுக்குக் குறி தெரிஞ்சிருக்கு. நான்தான் முட்டாள்னு நினைச்சேன், எனக்கு மேல இருக்கே."

"முட்டாள் இல்லடா. குறியைப் பாத்து ஒதுங்கித்தான் போயிருக்கு," என்றார் கண்ணாடியார் மெதுவாக. "எதுக்குள்ள போகப் பாத்துச்சு?"

இருபத்தாறு வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்தார். புதர் ஓரமாகப் போய், பறவை உட்காருகிற உயரத்துக்குக் குந்தி, அங்கிருந்து தன் கண்ணாடியைப் பார்த்தார்.

கண்ணாடி அங்கே இல்லை. ஒரு தோட்டம் இருந்தது. அதே சிவப்புப் பழம், அதே பட்ட மரம், அதற்கு மேலே மேகத்தோடு வானம். இந்தத் தோட்டத்தைவிட அது ஆழமாக, குளிர்ச்சியாக, கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அதன் நடுவே இரண்டு வெள்ளைக் கட்டைகள் குறுக்கே நின்றன. கட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திறந்த வழி. அவராக இருந்தாலும் அப்படித்தான் பறந்திருப்பார்.

"என்ன வேலைடா செஞ்சு வச்சிருக்கேன்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அன்றும் மறுநாள் வியாழன் காலையும் தொழிலுக்குப் போகவில்லை. கையில் அளவு நாடாவோடு புதருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அக்கா வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "போச்சு, இவனுக்கும் பிடிச்சிருச்சு," என்று போய்விட்டார்.

அவர் பார்த்தது இதுதான். புதருக்குள் சிட்டுகள் நடந்து நுழைவதில்லை, பறந்துகொண்டே நுழைகின்றன. எதிரே குச்சியும் முள்ளுமாகப் பின்னிக்கிடக்கும். வேகம் குறையாது. கடைசிக் கணத்தில் சிறகை உடம்போடு ஒட்டிக்கொண்டு, ஒரு சந்துக்குள் அம்பாகப் பாய்ந்து, அந்தப் பக்கம் விரித்துக்கொள்ளும். எந்தச் சந்து, எவ்வளவு அகலம், எந்தச் சாய்வு, எல்லாக் கணக்கையும் இமைக்கிற நேரத்தில் போட்டு முடித்துவிடும். அவருக்கோ ஒரு ஜன்னலுக்கு மூன்று முறை அளக்க வேண்டும். அப்படியும் சில நாள் கால் அங்குலம் தப்பும்.

ஒவ்வொரு பறவை நுழைந்ததும் ஓடிப்போய் அந்தச் சந்தை நாடாவால் அளந்தார். நாலு அங்குலம். மூன்று. மூன்றரை. இரண்டரை. மூன்று. இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த சந்தில் ஒன்றுகூடப் பாயவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் முன்கூட்டியே திரும்பிவிட்டன.

"ரெண்டு அங்குலம்," என்றார் மச்சானிடம். கண்கள் பளபளத்தன. "கண்ணாடி முழுக்க எங்கயும் ரெண்டு அங்குலத்துக்கு மேல வழி இருக்கக் கூடாது. அப்பதான் அது சுவர்னு தெரியும்."

பன்னிரண்டடிக்கு, இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை எழுபத்தொரு கோடு. வெளிப்பக்கம். சோப்பால் வியாழன் மாலைக்குள் போட்டு முடித்தார்கள். வெள்ளிக்கிழமை முழுவதும் சத்தமில்லை. ஒரு குருவி நேராகக் கண்ணாடியை நோக்கி வந்தது. கண்ணாடியார் பல்லைக் கடித்தார். பாதி வழியிலேயே அலுத்துக்கொண்டதுபோல வளைந்து போய்விட்டது.

டிரைவரம்மா மதியம் வந்து பார்த்தார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தவருக்கு ஒரு கேள்விதான் கிடைத்தது.

"சோப்பு தானே? மழை வந்தா?"

சனிக்கிழமை காலை வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ரேடியோவில் மூன்று நாள் கனமழை என்றார்கள். மழைக்கு முன்னால் லாங் ரூட் கூட்டம் வராது. மழை விட்டதும் வரும். நனைந்து, சோர்ந்து, கிடைத்த இடத்தில் இறங்கும். மழை விடுகிற அன்று கண்ணாடியில் ஒரு கோடுகூட மிச்சம் இருக்காது.

கண்ணாடியார் கடையிலிருந்து ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார். குளியலறைக் கண்ணாடியில் வெள்ளைப் பூ போடுவதற்குத் தடவுகிற அமிலப் பசை. தடவிய இடத்தில் கண்ணாடியின் தோலை அரித்துவிடும். அதன் பிறகு அந்த இடம் எந்நாளும் தெளியாது.

மச்சானுக்குப் புரிந்ததும் டப்பாவைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, வேணாம். யோசிங்க. இந்த மாதிரி ஒரு பீஸ் நம்ம ரெண்டு பேர் ஆயுசுக்கும் இன்னொண்ணு கிடைக்காது. ஒரு குமிழி உண்டா, ஒரு அலை உண்டா இதுல? எத்தனை பேர் வந்து பாத்துட்டுப் போனாங்க! பெயிண்ட் அடிக்கலாம். வேணாம்னா சுரண்டிக்கலாம்."

"அதான்டா. வேணாம்னு தோணினா சுரண்டிருவேன். நான் எப்படிப்பட்ட ஆளுன்னு எனக்குத் தெரியும். ஒரு தடம் இருந்தா எனக்குத் தூக்கம் வராது. நாலு உசுரோட தடத்தைத் துடைச்சவன்டா நான்." டப்பாவை வாங்கிக்கொண்டார். "நீ டேப்பை ஒட்டு. நேரா ஒட்டு. கோணலா இருந்தா உன் மூக்கைத் திரும்பவும் வீங்க வைப்பேன்."

கால் அங்குல இடம் விட்டு விட்டு டேப் ஒட்டினார்கள். கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, ஏணியில் ஏறி, முதல் கோட்டுக்குப் பசையைத் தடவும்போது கண்ணாடியார் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவதற்குத் திறந்துகொண்டார். எழுபத்தொன்றும் முடிந்தபோது மணி ஒன்றரை. கழுவி, டேப்பை உரித்தார்கள். முதல் தூறல் முதுகில் விழுந்தது.

டிரைவரம்மா யூனிஃபார்மோடு ஹாலில் வந்து நின்றார். மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. கோடுகள் வழியவில்லை. கிட்டே போய்த் தொட்டார். உள்பக்கம் வழுவழுப்பு. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். நனைந்துகொண்டே விரலால் ஒரு கோட்டைத் தேய்த்தார். நகத்தால் சுரண்டினார். உள்ளே நின்ற கணவரைக் கோடுகளுக்கு நடுவே பார்த்தார்.

"என்னங்க பண்ணிட்டீங்க..." என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை.

"ஜெயில் மாதிரி இருக்குல்ல அக்கா?" என்றான் மச்சான்.

"நீ வாயை மூடுறா."

ஞாயிற்றுக்கிழமை புதரை வெட்டவில்லை. ஆனால் கவிழ்த்த தட்டையும் நிமிர்த்தவில்லை. மழை கொட்டியது. திங்களும் கொட்டியது.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது சத்தமில்லை. மேகம் கிழிந்து ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் வந்தது. கண்ணாடியார் எழுந்து ஹாலுக்கு வந்தபோது, டிரைவரம்மா ஏற்கெனவே அங்கே தரையில் உட்கார்ந்திருந்தார். வாயில் விரலை வைத்து, 'பேசாதீங்க' என்று கண்ணால் சொன்னார். இவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

புதர் அசைந்துகொண்டிருந்தது. காற்றில்லை.

முதலில் இலை என்று நினைத்தார். பிறகு ஒரு இலை தலையைத் திருப்பியது. அப்புறம்தான் தெரிந்தது, புதரில் இலையைவிடப் பறவை அதிகம். கிளைக்குக் கிளை, நுனிக்கு நுனி. நனைந்த இறகைச் சிலிர்த்துக்கொண்டு, பழத்தை விழுங்கிக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு. பட்ட மரத்தின் ஒவ்வொரு குச்சியிலும் வரிசையாக. தரையில் இலைச்சருகைக் கிளறிக்கொண்டு. வேலியில், தோட்டக் குழாயில், கவிழ்ந்த தட்டின் முதுகில். வானத்திலிருந்து இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தன. நாற்பதா? ஐந்நூறா? எத்தனை கடல், எத்தனை மலை தாண்டி, இந்த ஊரில், இந்தத் தெருவில், இந்த வீட்டுக் கொல்லைக்கு.

"என்னால எண்ண முடியலங்க," என்று டிரைவரம்மா முணுமுணுத்தார். கன்னம் நனைந்திருந்தது.

அப்போது வெளிச்சத்தின் குறுக்கே ஒரு நிழல் போனது.

வல்லூறு. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, தரையை ஒட்டி, சத்தமில்லாமல் வந்தது. தோட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் எழும்பியது. தப்பிக்க ஒரே பக்கம்தான் இருந்தது. வீட்டுப் பக்கம்.

முழுக் கூட்டமும் கண்ணாடியை நோக்கி வந்தது.

கண்ணாடியார் எழுந்துவிட்டார். ஓடிப்போய்த் தடுப்பவர் போல இரண்டு கையையும் விரித்துக் கண்ணாடியில் வைத்தார். யாரைத் தடுக்க, எப்படித் தடுக்க? கண்ணாடி முழுவதும் சிறகாக இருட்டியது. டிரைவரம்மா கண்ணை மூடிக்கொண்டு கணவரின் வேட்டியைப் பற்றிக்கொண்டார். கண்ணாடியார் மூடவில்லை. மூட முடியவில்லை. பத்தடி. ஐந்தடி. ஒவ்வொரு கண்ணும் தெரிந்தது. கறுப்பு மணி போல, ஈரமாக.

ஒரு கை தூரத்தில் கூட்டம் திரும்பியது.

ஒவ்வொன்றாக இல்லை. ஒரே உடம்பு போல. போர்வையை உதறினால் அலை ஓடுமே, அப்படி முன்வரிசை நிமிர்ந்தது, அடுத்த வரிசை நிமிர்ந்தது, மஞ்சள் வயிறுகள் எல்லாம் ஒரே கணம் அவர் முகத்துக்கு நேரே பளிச்சிட்டு, கண்ணாடியை உரசாமல் செங்குத்தாக மேலே ஏறி, ஓட்டுக்கு மேலே போயின. நூற்றுக்கணக்கான சிறகுகள் ஒரே நேரத்தில் காற்றை அறைந்த அந்தச் சத்தம், பெரிய மழை ஒன்று கீழிருந்து மேலே பெய்ததுபோல வீட்டைத் தாண்டிப் போயிற்று. பன்னிரண்டடிக் கண்ணாடி அதன் சட்டத்துக்குள் மெல்ல அதிர்ந்தது. அதில் வைத்த உள்ளங்கையில் அவர் அதை உணர்ந்தார்.

அப்புறம் அமைதி. வல்லூறு இரை சிக்காமல் வெறுங்காலோடு வேலி தாண்டிப் போய்விட்டது.

டிரைவரம்மா கதவைத் திறந்துகொண்டு ஓடினார். கண்ணாடிக்கு அடியில், ஈர மண்ணில் முழங்காலிட்டு, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை கையால் தடவித் தடவிப் பார்த்தார். செடிக்கு அடியில் பார்த்தார். சருகை விலக்கிப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். நிமிர்ந்தபோது போட்டிருந்த பழைய நைட்டியெல்லாம் சேறு.

"ஒண்ணுகூட இல்லங்க."

கண்ணாடியார் தலையை மட்டும் ஆட்டினார்.

டிரைவரம்மா தட்டை நிமிர்த்தினார். சிதறிக் கிடந்த கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பரப்பி, குழாயைத் திறந்தார். உள்ளே வந்து கடிகாரத்தைப் பார்த்தார். இன்று விடுப்பு நாள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது போலிருக்கிறது, சிரித்தார்.

கூரை ஓட்டில் சின்னச் சின்னக் கால்கள் நடக்கிற சத்தம் கேட்டது. ஒன்று இறங்கியது. தட்டின் விளிம்பில் நின்று, கண்ணாடிப் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வானத்தைப் பார்த்தது. அடுத்து இரண்டு. அடுத்து பத்து.

"உக்காருங்க," என்றார் டிரைவரம்மா கிசுகிசுப்பாக, வேட்டியைப் பிடித்து இழுத்து. "நின்னுட்டிருந்தா பயந்துக்கும்."

கண்ணாடியார் சத்தம் காட்டாமல் தரையில் உட்கார்ந்தார்.